நான்கு நிமிடமும் இருநூற்றெட்டு பொம்மைகளும்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். விருத்தாசலத்தில் தூறல். குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும், பிடிக்காவிட்டால் சட்டை நனையும் என்கிற அளவுக்கு. தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் என்பதால் ஏழு பேர் இருக்க வேண்டிய எங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் விடுப்பு. மீதி மூன்று பேர், நானும் அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரும். மேசை ஆறு. மின்விசிறி ஐந்து. ஓடாத ஏ.சி. ஒன்று.

நான் எதையும் எண்ணாமல் விடுவதில்லை. என் மனைவி இதை வியாதி என்கிறாள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்குப் போன வாரம் உங்கள் டீம் லீடர் போன் செய்து, "புதுசா வர்றவங்களுக்கு புராஜெக்டைச் சீக்கிரமா ஆரம்பிக்கிறது எப்படின்னு நாலு வரி எழுதிக் குடுங்க சார்" என்றார். நாலு வரியில் எழுதிப் பார்த்தேன். நாலு வரியிலும் பொய் இருந்தது. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு ஏன் இந்த அவசரப் புத்தி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் முதன்முதலில் ஜாவா வேலைக்குப் போன இடத்தில், என் கணினியில் அவர்களுடைய மென்பொருள் ஓடுவதற்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அதை நிறுவு, இதை இறக்கு, இந்தப் பதிப்பு வேண்டாம், அந்தப் பதிப்பை எடு. எனக்கு வேலை காட்ட வேண்டிய மூத்தவர் தினமும் என் மேசைப் பக்கம் வருவார், திரையைப் பார்ப்பார், "இன்னும் ஓடலையா?" என்பார், போய்விடுவார். பத்தொன்பது முறை கேட்டார். இருபதாம் நாள் ஓடியபோது அவர் விடுப்பில் இருந்தார். என்றைக்காவது என் கையில் ஒரு புராஜெக்ட் வந்தால், புதிதாக வருகிறவர் முதல் டீ குடிப்பதற்குள் அதை ஓடவைத்துக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

விருத்தாசலத்தில் என் கைக்கு வந்தது சூளை மென்பொருள். செராமிக் பட்டறைக்காரர்கள் பலர் சேர்ந்து வாடகைக்குப் பயன்படுத்தும் ஒரு பொதுச் சூளை. தண்டவாளத்தில் போகும் வண்டிகளில் சரக்கை அடுக்கி உள்ளே தள்ளுவார்கள். யாருக்கு எந்த வண்டி, யார் அடுத்து, யாருக்கு எவ்வளவு வாடகை என்பதையெல்லாம் எங்கள் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். முறை வந்ததும் பட்டறைக்காரருக்குக் குறுஞ்செய்தி போகும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. உள்ளே பதினான்கு பகுதிகள். ஒன்று முனகினால் மற்ற பதின்மூன்றும் படுத்துவிடும்.

இதைப் புதியவர் கணினியில் ஓடவைக்க நான் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். முப்பத்தொரு படி. சராசரியாக மூன்று நாள் பிடிக்கும். ஓய்வு பெறுவதற்குள் இதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிட வேண்டும் என்று எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு ஸ்டார்ட்டர் செய்தேன். ஒரு வரி அடித்தால் போதும். தேவையானதை அதுவே இறக்கிக்கொள்ளும், அடுக்கிக்கொள்ளும், ஓடும். ஓடி முடித்ததும் தன்னைத்தானே சோதித்தும் பார்த்துக்கொள்ளும். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளைக் கூப்பிடும், அவருக்கு ஒரு செய்தி அனுப்பும், திரையில் பச்சை நிறத்தில் 'தயார்' என்று காட்டும். டெஸ்ட் டேட்டாபேஸில் அந்த முதல் ஆளின் பெயர் 'சோதனைச் சாமி ஒன்று'. அவருக்கு அடுத்து 'சோதனைச் சாமி இரண்டு'. ஐம்பது சாமிகள் இருந்தார்கள். எத்தனை முறை கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்குச் சேர்ந்த இருவரில் நிர்மலா வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர். வயது முப்பத்தைந்து. குழந்தைகளுக்காக ஆறு வருடம் வேலையை விட்டிருந்து மறுபடி வந்திருந்தார். சகாயராஜ் கம்மாபுரம் பக்கம். சுரங்க ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கணக்கு மென்பொருள் பார்த்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமே வேலை வேண்டும் என்று வந்தவர். இரண்டு பேரையும் உட்காரவைத்து அந்த ஒரு வரியை அடிக்கச் சொன்னேன். கையில் என் பழைய கைக்கடிகாரம்.

நான்கு நிமிடம் பத்து விநாடி. பச்சை எழுத்து வந்தது.

"ஓடிடுச்சுங்க சார்" என்றார் நிர்மலா. நம்ப முடியாத குரலில்தான் சொன்னார். "முன்னாடி வேல பாத்த எடத்துல இதுக்கு ரெண்டு வாரம் ஆச்சுங்க."

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஒரே ஒரு முறை ஓடியதை வைத்து எப்படிச் சராசரி சொல்வது? "எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஓட்டுங்க" என்றேன். மறுபடி ஓட்டினார்கள். நான்கு நிமிடம் இரண்டு விநாடி. சகாயராஜின் முதல் ஓட்டத்தில் இணையம் கொஞ்சம் தடுமாறியது. அதைச் சேர்க்கக் கூடாது என்று அவருக்கு மட்டும் ஒரு முறை கூடுதல். நிர்மலா ஐந்து, சகாயராஜ் ஆறு. மொத்தம் பதினொரு ஓட்டம். சராசரியை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்குச் சூளை மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"சார், இன்னிக்கி நமக்கு எத்தினி வண்டி காலியா இருக்குதுன்னு நெனக்கிறீங்க?"

"ஒரு வண்டி கூட இல்லியே. எல்லாம் தீபாவளிக்கு முன்னாடியே ஏத்தியாச்சு."

"அது எனக்குத் தெரியும். உங்க மெஷினுக்குத் தெரியலயே. அர மணி நேரத்துல பதினோரு பேரக் கூப்ட்டு வுட்ருக்குது. ஒருத்தர் போன் பண்ணி, வண்டியோட நம்பரு என்னான்னு கேக்கறாரு. நான் என் ஸ்கூட்டரு நம்பரக் குடுக்கட்டா?"

பதினொன்று என்ற எண்ணைக் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் செய்த காரியத்தை எழுதத்தான் வேண்டும். போனை வைத்துவிட்டு சகாயராஜ் பக்கம் திரும்பி, "என்னத்தத் தொட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் பதில் தெளிவாக வந்தது. "நீங்க சொன்னதத்தான் சார் தொட்டேன். ஆறு தடவ."

நிர்மலா இதற்குள் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்திருந்தார். "சார், இதுல லைவ் முகவரி இருக்குதுங்க. மேல ஒரு பேரும் தேதியும் போட்டிருக்குது. இது உங்க பேருங்களா?"

என் பெயர்தான். தேதி நவம்பர் 11. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை லைவில், அதாவது நிஜப் பட்டறைக்காரர்களின் பட்டியல் ஓடும் இடத்தில், ஒரு கோளாறு வந்தது. என் கணினியிலிருந்தே சரி செய்வதற்காக முகவரியை லைவுக்கு மாற்றினேன். சரி செய்தேன். திருப்பி மாற்ற மறந்தேன். அன்று இரவே அதே கணினியிலிருந்து ஸ்டார்ட்டரைக் கட்டி வைத்துவிட்டு இனிப்பு வாங்கப் போய்விட்டேன். என் பழைய குறிப்பில் பதினேழாவது படி ஒன்று இருந்தது: 'உங்கள் டெஸ்ட் டேட்டாபேஸின் முகவரியைக் கேட்டு வாங்கி நீங்களே எழுதவும்.' யாரிடம் கேட்பது என்று தேடியே எல்லோருக்கும் அரை நாள் போய்விடும். வெட்டி எறிந்த படிகளில் நான் மிகவும் சந்தோஷமாக வெட்டியது அதைத்தான்.

அந்த நிமிடத்தில் என் மனசு செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். சகாயராஜிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால், இது நான்கு நிமிடத்தில் ஓடியது உண்மைதானே என்று ஒரு முறை நினைத்துக்கொண்டது.

பிறகு பட்டியலை மூன்றாகப் பிரித்துப் போன் செய்தோம். நான் நான்கு பேர், அவர்கள் ஆளுக்கு மூன்று, மீதி ஒன்று யார் முடிக்கிறார்களோ அவர்களுக்கு. வெளியே தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. பட்டறையிலிருந்து சூளைக்கு வருவது சுடாத சரக்கு. வார்த்துக் காயவைத்த வெறும் களிமண். ஒரு தட்டு நனைந்தால் கால் மணியில் சேறு. பத்து மணி நாற்பதுக்குள் பத்துப் பேரைப் பிடித்துவிட்டோம். ஆறு பேர் திட்டினார்கள், மூன்று பேர் சிரித்தார்கள், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்ததால் செய்தியையே பார்க்கவில்லை. அவருக்கு மட்டும் நான் இன்றளவும் நன்றியுடையவன்.

பதினொன்றாவது ஆள் ஆரோக்கியமேரி. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்பவர். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பதிவில் இரண்டாவதாக இருந்த எண்ணுக்கு நிர்மலா போட்டார். ஆரோக்கியமேரியின் நாத்தனார் எடுத்தார்.

"அவங்க கெளம்பி அஞ்சு நிமிஷம் ஆவுதும்மா. லோடு ஆட்டோவுல போறாங்க. பதினாறு செட்டும் ஏத்திகினுதான் போறாங்க. அது நனஞ்சா இந்த வருஷம் அவ்ளோதான். மறுபடி ஊத்தி, இந்த ஈரத்துல காய வெச்சி எடுக்கறதுக்குள்ள பண்டிகயே போயிடும். ஏம்மா, என்னா ஆச்சு?"

நிர்மலா என்னைப் பார்த்தார். நான் கணக்குப் போட்டேன். அவர் பட்டறையிலிருந்து சூளைக்கு எங்கள் அலுவலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் வாசலுக்கு வர இன்னும் மூன்று நிமிடம். சூளைக் கொட்டகை நிறைய, அடுத்துக் காலியாகும் வண்டிக்காக முறைப்படி வந்து காத்திருக்கும் வேறொருவர் சரக்கு. போனால் திறந்த வெளியில் நிற்க வேண்டும். திரும்பி வீட்டுக்கு அனுப்பினால் அதே குண்டும் குழியும் இன்னொரு முறை.

"சார்" என்றார் சகாயராஜ், மெதுவாக. "லைவ்தான் நம்ம கையில இருக்குதே. ஒரே ஒரு லைன் அடிச்சா அவங்கள மொத ஆளா ஏத்திடலாம். கொட்டாய்ல இருக்கறவரு எடத்த இவங்களுக்குக் குடுத்துடுவாங்க. யாருக்கும் தெரியாது."

நல்ல மனசில்தான் சொன்னார். எனக்கும் அது தோன்றியிருந்தது; அவர் சொல்வதற்கு இருபது விநாடி முன்னாலேயே. அவ்வளவு சுலபம். ஆனால் அப்போது கொட்டகையில் இருந்தவரும் தன் முறைக்காகக் காத்திருந்து வந்தவர்தானே. என் தவற்றை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டு, பிறகு அதை மறைக்க இன்னொரு லைன் அடிக்க வேண்டும். "கீபோர்டுலேருந்து கைய எடுங்க" என்றேன். "எடுத்துட்டு ரோட்டுக்கு வாங்க."

மூன்று பேரும் மழையில் போய் நின்றோம். குடை ஒன்றுதான். லோடு ஆட்டோ தூரத்தில் தெரிந்ததும் சகாயராஜ் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டுச் சொன்னதை எழுத முடியாது. பின்னால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரி தலையை நீட்டினார். ஐம்பது வயது இருக்கும். தலையில் பிளாஸ்டிக் பை.

"யாருங்க நீங்க? மூணு பேரு வந்து குறுக்க நிக்கிறீங்க?"

"சூளை மென்பொருள் ஆபீசும்மா. உங்களுக்கு வந்த மெசேஜு தப்பா வந்துடுச்சு. ஒரு சின்ன கோளாறு."

"யாரு கோளாறு?"

மழை சொட்டிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. என் இரண்டு பக்கத்திலும் அந்தப் புதியவர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"என் கோளாறும்மா" என்றேன்.

"அப்ப எறக்குங்க" என்றார்.

ஒரு குடில் செட்டில் பதின்மூன்று உருவங்கள். பாலன், மாதா, சூசையப்பர், ராஜாக்கள் மூன்று, இடையர்கள் இரண்டு, சம்மனசு என்கிற தேவதூதர் ஒன்று, ஆடு இரண்டு, மாடு ஒன்று, கழுதை ஒன்று. பதினாறு செட். இருநூற்றெட்டு. ஆட்டோவின் பின்பக்கத்தை வாசற்படியோடு ஒட்டி நிறுத்தி, மேலே தார்ப்பாயை இழுத்துப் பிடித்து, பலகை பலகையாக உள்ளே கொண்டுபோனோம். ஆறு மேசையும் நிறைந்தது. ஆரோக்கியமேரி நடுவில் நின்று உத்தரவு போட்டார்.

"அந்த டிவிய எல்லாம் கீழ எடுத்து வைங்க."

"மானிட்டருங்க" என்றார் நிர்மலா.

"எதுவோ ஒண்ணு. தம்பி, ராஜாவப் படுக்க வெக்காத, கிரீடம் போயிடும். நீ கோயிலுக்குப் போற புள்ளதான?"

"போறேங்க" என்றார் சகாயராஜ். "ஆனா அங்க எல்லாம் சுட்டுதான் வந்திருக்கும்."

"ஃபேன நிறுத்துங்க. ஒரு பக்கமா காத்து பட்டா வெடிச்சிடும்."

ஐந்து மின்விசிறியும் நின்றன. ஆட்டோக்காரர் போகும்போது ஏ.சி.யைப் பார்த்தார். "அது ஓடாது" என்று நான் சொன்னதும், "இது ஒண்ணாவது நல்லது" என்று ஆரோக்கியமேரி சொன்னார். எண்ணிப் பார்த்தேன். இருநூற்றெட்டும் இருந்தன. ஒன்றும் நனையவில்லை.

டீ வந்தது. நான் கேட்டேன்: "ஏம்மா, உங்களுக்கு முன்னாடி பத்து பேரு இருந்தாங்களே. இவ்ளோ சீக்கிரம் எப்பிடி வரும்னு தோணலியா?"

"தோணிச்சு சார். அப்பவே நெனச்சேன், தப்பா இருக்கும்னு."

"அப்பறம் ஏம்மா இந்த மழையில கெளம்புனீங்க?"

"ரெண்டு மணி நேரத்துல வரலன்னா முற போயிடும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க."

அந்தச் செய்தியை வார்த்தை வார்த்தையாக எழுதியவனும் நான்தான். பதினான்கு வார்த்தை. சுருக்கமாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு காலத்தில் பெருமைப்பட்டிருக்கிறேன். 'சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசவும்' என்று ஒரு வரி சேர்த்தால் நீளமாகிவிடும் என்று விட்டிருந்தேன்.

அன்று மத்தியானம் பட்டியலைப் பழையபடி வரிசைக்குக் கொண்டுவந்தோம். நிர்மலா பதினொரு பெயரையும் முதலில் தாளில் எழுதி, மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் டேட்டாபேஸில் கை வைத்தார். நான் சொல்லித் தரவில்லை. ஸ்டார்ட்டரையும் அவரே மாற்றினார். இப்போது அது பாதியில் நின்று, உங்கள் டெஸ்ட் முகவரி என்ன என்று கேட்கும். கேட்டு வாங்கித் தட்டினால்தான் நகரும். லைவ் முகவரியைத் தட்டினால் ஓட மறுத்துவிடும். நேரம் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

"ஏழு நிமிஷம் கூடிப்போச்சேம்மா" என்றேன்.

"அந்த ஏழு நிமிஷத்துல பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்த பேசுவாங்கல்ல சார்" என்றார்.

நீங்கள் இன்று அடிக்கும் கட்டளை அந்தப் பதினொரு நிமிடக் கட்டளைதான். அதைச் சுருக்க உங்களில் ஒருவருக்கு நிச்சயம் கை அரிக்கும். சுருக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் படி அதிக நேரம் பிடிக்கிறதோ அதை வெட்டுவதற்கு முன்னால், அங்கே ஆள் நின்று என்ன செய்கிறார் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். யாரையாவது கேட்டுக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். முதல் நாள் வருகிறவர் எத்தனை முறை தட்டினாலும், என்னைப் போல் ஒரு கிழவன் பக்கத்தில் நின்று மறுபடி மறுபடி தட்டச் சொன்னாலும், 'சோதனைச் சாமி'களைத் தவிர வேறு யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஆரோக்கியமேரியின் உண்மையான முறை சனிக்கிழமை வந்தது. அதுவரை நான்கு நாள் மின்விசிறி இல்லாமல், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மாடுகளுக்கும் இடையர்களுக்கும் நடுவில் வேலை பார்த்தோம். விடுப்பு முடிந்து வந்தவர்களுக்கு உட்கார இடம் இல்லை. இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். ஆரோக்கியமேரி தினமும் காலையில் வந்து ஒவ்வொரு பொம்மையையும் கால்வட்டம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். நான் தினமும் மூன்று வேளை எண்ணினேன். வியாழக்கிழமை மூன்றாம் வேளை எண்ணும்போது என் முழங்கை பட்டு ஒரு கழுதையின் காது போயிற்று.

சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். நூற்று எண்பது வரை எண்ணிக்கொண்டே யோசித்தேன். பிறகு போன் செய்தேன்.

"ஆர்டரு பதினஞ்சுதான் சார்" என்றார் அவர், பதறாமல். "உடசலுக்குன்னு எப்பவும் ஒரு செட்டு சேத்துதான் ஊத்துவோம். அந்தக் கழுதய எடுத்து இதுல வெச்சிடலாம்." கூடவே கேட்டார்: "ஆனா பதினாறாவது செட்டு இப்ப காது இல்லாத கழுதயோட நிக்கும். அத யாரு வாங்குவாங்க?"

அடுத்த மாதம் பதினைந்து செட்டும் வண்ணம் பூசிப் போய்ச் சேர வேண்டிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பதினாறாவது என் வீட்டில், என் கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காது போன கழுதைக்காவது விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "ஒடச்சது யாரு சார்?" என்று கேட்டார்.

என் கையிலிருந்து போனது: லோடு ஆட்டோ வீண் நடை 450. நாங்கள் இழுத்துப் பிடித்ததில் கிழிந்த ஆட்டோக்காரரின் தார்ப்பாய்க்குப் பதில் புதிது ஒன்று 380. குடில் செட் ஒன்று, கழுதையுடன், 1,600. மொத்தம் 2,430 ரூபாய்.